இறக்கையை விட்டுக்கொடுத்த தாய்: சில பெண் அந்துப்பூச்சிகள் ஏன் பறப்பதில்லை?

நவம்பர் கடைசி. ஐரோப்பாவில் ஒரு ஓக் காடு. இலையெல்லாம் உதிர்ந்து மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். குளிர் உறைநிலையை நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் பூச்சி எதுவும் நடமாடாது என்றுதான் நினைப்போம். டார்ச் விளக்கை ஓர் அடிமரத்தின் மேல் அடித்துப் பாருங்கள். மண்ணிலிருந்து ஏதோ ஒன்று மரத்தைப் பற்றி ஏறிக்கொண்டிருக்கும். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், பருத்த வயிறு, நீண்ட கால்கள். நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பார்த்தவுடன் சிலந்தி என்று சொல்லிவிடுவோம். கால்களை எண்ணி ஆறுதான் என்று தெரிந்ததும் சந்தேகம் வரும். இன்னும் கிட்டப் போனால் முதுகில் நான்கு சின்னத் துண்டுகள் தெரியும், கத்தரித்து விட்ட மிச்சம் போல. அவைதான் அதன் இறக்கைகள்.

ஒபெரோப்டெரா புரூமாட்டா என்ற குளிர்கால அந்துப்பூச்சியின் பெண் இது. அதே மரத்தில் கொஞ்சம் மேலே இதன் ஆண் உட்கார்ந்திருக்கும். அதற்கு உடம்பைவிடப் பல மடங்கு அகலமான, மெல்லிய வெளிர்பழுப்பு இறக்கைகள் முழுசாக உண்டு. இணை சேர்ந்த நிலையில் பார்த்தால் ஓர் அந்துப்பூச்சியும் ஏதோ ஒரு வண்டும் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து, ஒரே இலையைத் தின்று வளர்ந்த அண்ணன் தங்கையாகக்கூட இப்படி இரண்டு இருக்கலாம் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அந்துப்பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளுமாக இதுவரை பெயரிடப்பட்டவை ஏறக்குறைய 1,60,000 இனங்கள். அவற்றில் மிகச் சிறு பகுதியில்தான் பெண்கள் பறக்கும் திறனை இழந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறு பகுதி ஒரே கிளையில் இல்லை. உடலை வளைத்து வளைத்து நடக்கும் காவடிப்புழுக்களின் குடும்பத்தில் உண்டு. முதுகில் மயிர்க்கற்றை கொண்ட கம்பளிப்புழுக்களின் கூட்டத்தில் உண்டு. குச்சிகளை ஒட்டிப் பை பின்னி அதைச் சுமந்து திரியும் பைப்புழுக் குடும்பத்தில் ஏராளம். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத இந்தக் குடும்பங்களில் இந்த மாற்றம் தனித்தனியாக, திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அநேகமாக எல்லா இடத்திலும் இழந்தது பெண்தான். ஆண் பறந்துகொண்டே இருக்கிறது. காரணத்தைத் தேடும்போது இந்த ஒருபக்கச் சாய்வை மறக்கக் கூடாது.

காற்று காரணமா?

பூச்சிகள் இறக்கை இழப்பதற்கு டார்வின் சொன்ன விளக்கம் பிரபலமானது. மதீரா தீவின் 550 வண்டு இனங்களில் 200 பறக்க முடியாதவை என்பதை 1859இல் அவர் எடுத்துக்காட்டினார். சின்னத் தீவில் பறக்கிற பூச்சியைக் காற்று கடலுக்குள் அடித்துக்கொண்டு போய்விடும். பறக்காதது கரையில் தங்கிப் பிழைக்கும். காலப்போக்கில் பறக்காதவற்றின் சந்ததியே மிஞ்சும்.

அந்துப்பூச்சிகளிலும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், அண்டார்க்டிகாவை நோக்கிய வழியில் உள்ள மரியன் தீவில் பிரிங்கிள்ஓஃபேகா மரியோனி என்ற அந்துப்பூச்சி வாழ்கிறது. ஓயாத காற்று, வருடம் முழுக்கக் குளிர். அந்தப் பூச்சியின் இறக்கைகள் பறக்க உதவாத குறுந்துண்டுகள். ஆனால் அங்கே ஆணும் பறப்பதில்லை, பெண்ணும் பறப்பதில்லை. காற்று ஆண் பெண் பார்த்து அடிப்பதில்லை அல்லவா? தீவுக்குப் பொருந்துகிற அந்த விளக்கம், மரங்கள் அடர்ந்த காட்டில் பெண்மட்டும் இறக்கை இழந்ததற்குப் போதாது. பெண்ணிடம் இருக்கிற, ஆணிடம் இல்லாத ஒன்றைத்தான் தேட வேண்டும். அது முட்டை.

முட்டைக்கும் இறக்கைக்கும் ஒரே கையிருப்பு

பறப்பது மிகவும் செலவு பிடிக்கும் வேலை. இறக்கை மட்டும் இருந்தால் போதாது. அதை அடிக்க மார்புப் பகுதி முழுக்கத் தசை வேண்டும், தசைக்கு எரிபொருளாகக் கொழுப்பு வேண்டும். தேன் குடிக்கிற அந்துப்பூச்சி அந்தச் செலவைப் பூவிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் இனங்களில் பெரும்பாலானவை இறக்கை முளைத்த பின் சாப்பிடுவதே இல்லை. வாயுறுப்பே சுருங்கிப் போயிருக்கும். புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததுதான் மொத்தச் சொத்து. அதிலிருந்து ஒரு பங்கு பறக்கும் தசைக்குப் போனால், முட்டைக்கு அந்தப் பங்கு குறையும்.

இந்தக் கணக்கு வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் கிரில்லஸ் ஃபர்மஸ் என்ற சிள்வண்டில் நீண்ட இறக்கை உள்ள பெண்ணும் குட்டை இறக்கை உள்ள பெண்ணும் ஒரே இனத்துக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்வது ஒன்றுதான்: குட்டை இறக்கைப் பெண்ணின் சினைப்பை சீக்கிரமே பெருக்கிறது, இளம் வயதில் அது அதிக முட்டை இடுகிறது. நீண்ட இறக்கைக்காரி தசையையும் கொழுப்பையும் பராமரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்றவள் சந்ததியை உண்டாக்கிவிடுகிறாள்.

அந்துப்பூச்சிகளில் இந்த இழுபறியை நடுவழியில் நிற்கும் நிலையில்கூடப் பார்க்க முடியும். வட அமெரிக்க ஊசியிலைக் காடுகளை அழிக்கும் ஸ்புரூஸ் மொட்டுப்புழுவின் பெண்ணுக்கு இறக்கை முழுசாக உண்டு. ஆனால் கூட்டிலிருந்து வந்த புதிதில் முட்டைப் பாரத்தால் அதனால் சரியாக எழும்ப முடியாது. பிறந்த மரத்திலேயே முட்டைகளில் ஒரு பகுதியை இட்டு எடையைக் குறைத்துக்கொண்டுதான் பறந்து போகிறது. இங்கிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் போதும்: பிறந்த இடத்திலேயே எல்லா முட்டையையும் இட்டுவிட்டால் என்ன? குழந்தைகளுக்கு அங்கேயே சாப்பாடு இருந்தால், அப்படி இட்டவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பறக்கும் செலவு மிச்சம். தலைமுறை தலைமுறையாக அந்த மிச்சம் முட்டையாக மாறிக்கொண்டே போகும்.

இந்த இடத்தில் பட்டுப்பூச்சியின் ஞாபகம் வரலாம். வீட்டுப் பட்டுப்பூச்சியும் பறக்காது. ஆனால் அது வேறு கதை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் தட்டில் வைத்து வளர்த்ததால் வந்தது அது. அங்கே இறக்கை இருக்கிறது, அடிக்கவும் செய்கிறது, ஆனால் உடம்பைத் தூக்கும் வலு இல்லை. ஆணுக்கும் அதே கதிதான்.

குளிர்காலம் என்ற பாதுகாப்பு

ஓக் மரத்தில் ஏறிக்கொண்டிருந்த பெண்ணிடம் திரும்புவோம். பூச்சிக்கு ஏற்ற மாதங்கள் எத்தனையோ இருக்க, அது ஏன் நவம்பர், டிசம்பரைத் தேர்ந்துகொண்டது?

அதன் புழு தின்ன வேண்டியது வசந்தத்தில் விரியும் ஓக் தளிரை. தளிர் மென்மையாக இருக்கும். இலை முற்ற முற்ற டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏறிப் புழுவின் வளர்ச்சிக்கு ஒத்துவராமல் போய்விடும். ஆகவே மொட்டு வெடிக்கிற அதே வாரத்தில் முட்டையும் வெடிக்க வேண்டும். அதற்கு முட்டை முன்கூட்டியே மரத்தில் தயாராக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் முட்டையிடுவதில் இன்னொரு லாபமும் உண்டு: வௌவால்களில் பெரும்பாலானவை உறக்கத்துக்குப் போயிருக்கும், பூச்சி தின்னும் பறவைகள் பல தெற்கே கிளம்பியிருக்கும்.

ஆனால் குளிரில் பறப்பது எளிதல்ல. பருத்த அந்துப்பூச்சிகள் பறப்பதற்கு முன் இறக்கைத் தசையை நடுங்கவைத்து 30 டிகிரிக்கு மேல் சூடேற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உறைநிலையை ஒட்டிய காற்றில் அந்தச் சூட்டைத் தக்கவைக்க எரிபொருள் ஏராளமாகச் செலவாகும். குளிர்கால அந்துப்பூச்சியின் ஆண் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறது. சூடேற்றிக்கொள்வதே இல்லை. உடம்பு மிக இலேசு, இறக்கை மிக அகலம். மெதுவாக அடித்தாலே மிதக்கும். உடலின் வெப்பம் சுற்றுப்புறத்தை ஒட்டியே, 0 டிகிரிக்கு அருகில் இருந்தாலும் அதனால் பறக்க முடிகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கும் பெண்ணுக்கு இந்த உத்தி ஒத்துவராது. இலேசாக இருக்க வேண்டுமென்றால் முட்டையைக் குறைக்க வேண்டும்.

பறக்கத் தேவையும் இல்லை. புழு மரத்திலிருந்து இறங்கி, மரத்தடி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. பெண் வெளியே வரும்போது மரம் பக்கத்திலேயே நிற்கிறது. தேட வேண்டியதில்லை, ஏறினால் போதும்.

இந்த இனங்களின் காது பற்றிய ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு வௌவாலின் மீயொலியைக் கேட்கும் காது உண்டு. கேட்டதும் பறக்கும் பாதையை மாற்றித் தப்பிக்கும். குளிர்காலக் காவடிப்புழு இனங்களை ஆராய்ந்தபோது, ஆணின் காது நன்றாக வேலை செய்கிறது, பெண்ணின் காது சுருங்கிப் போயிருக்கிறது என்று தெரியவந்தது. வௌவால் பிடிப்பது பறக்கிறவனை. நடக்கிறவளுக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. இறக்கை போனபோது, இறக்கைக்குக் காவலாக இருந்த காதும் கூடவே போய்விட்டது.

பையை விட்டு வெளியே வராதவள்

பைப்புழுக்களில் இந்த மாற்றம் எல்லை வரை போயிருக்கிறது.

கிளையில் தொங்கும் ஒரு பையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே குச்சித் துண்டுகளும் இலைச் சருகும் ஒட்டியிருக்கும். கையால் கிழிக்கப் பார்த்தால் லேசில் கிழியாது. பட்டு நூலை அடுக்கடுக்காக நெய்து தடித்த காகிதம் போல ஆக்கியிருக்கும். கத்தரியால் நீளவாக்கில் வெட்டினால் உட்புறம் வழவழவென்று வெளுத்துத் தெரியும். அதற்குள் ஒரு பழுப்பு ஓடு, கூட்டுப்புழுவின் ஓடு. அந்த ஓட்டையும் பிரித்தால், மெல்லிய மயிர்ப்பஞ்சுக்கு நடுவே மணிமணியாக வெளிர்மஞ்சள் முட்டைகள் அடைத்துக் கிடக்கும். வட அமெரிக்காவின் தைரிடாப்டெரிக்ஸ் இனத்தில் ஒரு பைக்குள் 500 முதல் 1,000 வரை முட்டைகள் இருக்கும்.

இந்த முட்டைகளை இட்டவள் அந்துப்பூச்சி போலவே இருக்க மாட்டாள். இறக்கை கிடையாது. கால், கண், உணர்கொம்பு எல்லாம் பெயரளவுக்குத்தான். வளர்ந்த பின்னும் மென்மையான புழு போன்ற உடம்பு. தான் புழுவாக இருந்தபோது பின்னிய பைக்குள்ளேயே, தன் கூட்டுப்புழு ஓட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு மணத்தால் ஆணை அழைக்கிறாள். ஆண் வந்து பையின் அடிவாயில் தொங்கியபடி தன் வயிற்றைத் தொலைநோக்கிக் குழாய் போல நீட்டி, உள்ளே விட்டு இணை சேர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. பெண் முட்டைகளை ஓட்டுக்குள் நிரப்ப நிரப்ப அவள் உடம்பு சுருங்குகிறது. எல்லாம் முடிந்ததும் அநேகமாகப் பையின் அடியிலிருந்து நழுவி விழுந்து இறந்துபோகிறாள்.

பைப்புழுக் குடும்பத்துக்குள்ளேயே படிநிலைகள் இருக்கின்றன. இறக்கை உள்ள பெண்கள், இறக்கையின்றிக் கால்களோடு பையின் வெளிப்புறத்தில் வந்து நிற்கும் பெண்கள், பையை விட்டு அசையாத பெண்கள் என்று ஒரு தொடரே உண்டு. இன்னும் ஒரு படி தாண்டி, ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டு இனம் பெருக்கும் இனங்களும் உண்டு. நத்தை ஓடு போலச் சுருண்ட பை பின்னும் ஆப்டெரோனாவில் அப்படிப்பட்ட வகை உண்டு. பெண் பறப்பதை நிறுத்தினாள். அங்கே பறக்கிற ஆணும் இல்லாமல் போய்விட்டது.

பறப்பதை யார் செய்கிறார்கள்?

பறக்காத பெண்ணைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைபாடு, சீரழிவு என்ற சொற்களை எளிதாகப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது தவறாகவே படுகிறது. பறத்தலால் இந்தப் பூச்சிகளுக்கு ஆக வேண்டிய காரியம் இரண்டு: துணையைத் தேடுவது, புதிய இடத்துக்குப் பரவுவது. இரண்டுமே நின்றுபோகவில்லை. குடும்பத்தில் வேறு ஆட்கள் அவற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

துணை தேடும் வேலை முழுக்க ஆணுக்கு. பெண் இருந்த இடத்தில் இருந்துகொண்டு பெரோமோன் என்ற மணப்பொருளைக் காற்றில் விடுகிறாள். அதன் அளவு நம்ப முடியாத அளவுக்குச் சொற்பம். முதன்முதலில் இனங்காணப்பட்ட பூச்சிப் பெரோமோன் பட்டுப்பூச்சியினுடையது. அடோல்ஃப் பூட்டெனாண்ட் குழுவினர் 1959இல் அதை வெளியிட்டார்கள். சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளைச் சேகரித்தும் அவர்களுக்குக் கிடைத்தது சில மில்லிகிராம்தான். அந்தச் சொற்பத்தைப் பிடிக்கத்தான் ஆணின் உணர்கொம்பு கோழி இறகு போலக் கிளை கிளையாகப் பிரிந்திருக்கிறது. இறக்கை அடித்துத் தேடிப் போவதைவிட, பெண்ணுக்கு இது மிகவும் மலிவான வழி.

பரவும் வேலையைக் குழந்தை ஏற்றுக்கொள்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். மரத்தின் உச்சிக்கு ஏறி, வாயிலிருந்து பட்டு நூலை விட்டுத் தொங்கும். காற்று வீசும்போது நூல் அறுந்து, நூலும் புழுவுமாக மிதந்து போகும். பெரும்பாலானவை சில நூறு மீட்டருக்குள் எங்காவது இறங்கிவிடும். சில மட்டும் கிலோமீட்டர் கணக்கில் போகும். எங்கே இறங்குவோம் என்பது புழுவின் கையில் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட இனங்களின் புழுக்கள் பெரும்பாலும் சாப்பாட்டில் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஒரே ஒரு செடியை மட்டும் தின்னும் புழு இப்படிக் காற்றை நம்பினால் பட்டினிதான்.

எல்லா அந்துப்பூச்சியும் இந்த வழிக்கு வராததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. புழு ஒரு குறிப்பிட்ட செடியைத்தான் தின்னும், அந்தச் செடியோ இங்கொன்றும் அங்கொன்றுமாக முளைக்கும் என்றால், தாய்தான் தேடிப் போய் ஒவ்வொரு செடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையிட வேண்டும். அவளுக்கு இறக்கை வேண்டும். வண்ணத்துப்பூச்சிகளில் பறக்காத பெண் மிக மிக அபூர்வம் என்பதும் இதோடு பொருந்துகிறது. அவை பகலில், கண்ணால் கண்டு துணை சேர்பவை. இலை இலையாகப் பார்த்து முட்டையிடுபவை. வெனிசுவேலாவின் ஆண்டிஸ் உச்சிப் புல்வெளிகளில் வாழும் ரெடோண்டா வகையில் மட்டும் இறக்கை குறுகிய பெண்கள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள்.

ஒரே ஹார்மோன், இரண்டு விதி

பெண்ணின் உடம்பில் இறக்கை எப்படி இல்லாமல் போகிறது? முதலிலிருந்தே இல்லை என்று நினைத்தால் தவறு. புழுவின் உடலுக்குள் இறக்கைக்கான மொட்டுத் திசுக்கள் ஆண், பெண் இரண்டுக்கும் உருவாகின்றன. ஜப்பானில் ஓர்கியா ரெசென்ஸ் என்ற கம்பளிப்புழு இனத்தை வைத்து இதை ஆராய்ந்தார்கள். கூட்டுப்புழுவாக மாறும் கட்டம் வரை பெண்ணின் இறக்கையும் வளர்ந்து வருகிறது. அதன் பிறகு, பூச்சியைத் தோலுரித்து உருமாற வைக்கும் எக்டைசோன் வகை ஹார்மோன் உடலில் ஏறும்போது, ஆணின் இறக்கைச் செல்கள் அதைக் கேட்டு மேலும் வளர்கின்றன. பெண்ணின் இறக்கைச் செல்கள் அதே ஹார்மோனைக் கேட்டு மடியத் தொடங்குகின்றன. திசுவை உடம்பிலிருந்து பிரித்து, தனியாக வளர்த்து, ஹார்மோனைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதுவே நடந்தது. அதாவது கட்டளை ஒன்றுதான். பெண் செல் அதற்குச் செய்யும் பதில்தான் வேறு.

இதைவிட வியப்பானது ஓர்கியா தைலினா. இதுவும் ஜப்பானிய இனம். ஆண்டில் பகல் நீளமாக இருக்கும் காலத்தில் வளரும் பெண்களுக்கு முழு இறக்கை இருக்கிறது, பறக்கின்றன. பகல் குறுகும் இலையுதிர்காலத்தில் வளரும் தலைமுறையின் பெண்களுக்கு இறக்கை குட்டையாகிவிடுகிறது. குளிர்காலம் முழுக்க உறங்கிக் கிடக்க வேண்டிய முட்டைகளைத் தன் கூட்டின் மேலேயே இட்டுவிட்டு இறந்துபோகின்றன. மரபணு ஒன்றே. பறப்பதா, முட்டையில் முதலீடு செய்வதா என்பதைப் பகலின் நீளம் முடிவு செய்கிறது. இந்த இனம் 1996இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நுழைந்துவிட்டது. வானிலிருந்து நுண்ணுயிர் மருந்து தெளித்து, பொறி வைத்துக் கண்காணித்து, 1998இல்தான் முற்றிலும் ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

நடந்தே ஆக வேண்டியவளைப் பிடிப்பது

பறக்காத தாய் என்பது பழத்தோட்டக்காரர்களுக்கும் வனத்துறைகளுக்கும் நடைமுறைக் கேள்வி. ஆப்பிள் தோட்டங்களில் அடிமரத்தைச் சுற்றிப் பிசின் தடவிய பட்டை கட்டும் வழக்கம் பழையது. பறக்கும் பூச்சியிடம் இது செல்லாது. மண்ணிலிருந்து எழுந்து நடந்தே மேலேற வேண்டிய குளிர்காலப் பெண்ணிடம் மட்டும் செல்லும். அமெரிக்காவின் சார்லட் நகரில் இலையுதிர்காலக் காவடிப்புழுவுக்காக ஆயிரக்கணக்கான மரங்களுக்கு இப்படிப் பட்டை கட்டியிருக்கிறார்கள். பட்டையைத் தாண்ட முடியாதவள் அதன் அடியிலேயே முட்டை இட்டுவிடுவதும் உண்டு. அதையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

லைமான்ட்ரியா டிஸ்பார் என்ற அந்துப்பூச்சி இனத்தின் வரலாறு இன்னும் பெரியது. எட்டியென் லியோபோல்ட் ட்ரூவெலோ என்ற பிரெஞ்சுக்காரர் பட்டு ஆராய்ச்சிக்காக இதை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து, மாசசூசெட்ஸின் மெட்ஃபர்டில் தன் வீட்டில் வளர்த்தார். 1868 அல்லது 1869இல் அது தப்பிவிட்டது. பிறகு வடகிழக்கு அமெரிக்காவின் காடுகளை ஆண்டுதோறும் மொட்டையடிக்கத் தொடங்கியது. இந்த ஐரோப்பிய வகையின் பெண்ணுக்கு வெள்ளை இறக்கை முழுசாக இருக்கிறது, ஆனால் பறப்பதில்லை. கூட்டிலிருந்து வெளிவந்த இடத்துக்கு அருகிலேயே முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று மயிரால் மூடிவிடும். 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நாட்டின் மேற்குக் கரையில் நிலைகொள்ளவில்லை என்றால், தாய் பறக்காதது அதற்கு முக்கியமான காரணம்.

அது தாவிய தூரங்களில் பலவற்றுக்கு இறக்கை கொடுத்தது நாம்தான். முட்டைக்குவியல் மரத்தில் மட்டும் ஒட்டுவதில்லை. வண்டியின் அடிப்பாகம், விறகு, கல், தோட்டத்து நாற்காலி என்று எதிலும் ஒட்டும். வீடு மாற்றுகிறவர்களோடு அதுவும் மாநிலம் தாண்டுகிறது. இதே இனத்தின் ஆசிய வகையில் பெண் நன்றாகப் பறக்கும், துறைமுக விளக்குக்கு வந்து கப்பல்களிலும் சரக்குப் பெட்டிகளிலும் முட்டையிடும். அதனால்தான் ரஷ்யாவின் தூரகிழக்கு, ஜப்பான், கொரியா, வட சீனா ஆகிய இடங்களிலிருந்து வரும் கப்பல்களில் முட்டைக்குவியல் இருக்கிறதா என்று வட அமெரிக்கத் துறைமுகங்களில் தேடிப் பார்க்கிறார்கள். தாய் பறக்கிறாளா இல்லையா என்ற ஒன்றே இரண்டு வகைகளின் அபாயத்தையும் வேறுபடுத்துகிறது.

இந்தப் பலவீனத்தையே ஆயுதமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். பறக்காதவள் தன்னைத் தேடி ஆண் வருவதையே நம்பியிருக்கிறாள். ஆண்கள் குறைவான புதிய இடத்தில் பல பெண்கள் இணை சேராமலேயே இறக்கிறார்கள்; எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்தக் கூட்டம் தானாகவே அழிகிறது. பரவலின் எல்லைக்கோட்டில் செயற்கைப் பெரோமோனைக் காடு முழுக்கத் தூவிவிட்டால், எங்கும் அந்த மணமே நிறைந்து ஆணுக்குத் திசை புரியாமல் போகும். மருந்தடித்துக் கொல்வதைவிட இது மென்மையான வழி. வேறு எந்தப் பூச்சிக்கும் அநேகமாகத் தீங்கில்லை. மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பெருகும் மெடிசா பிளானா என்ற பைப்புழுவிடமும் தாய் அசையாததன் விளைவைப் பார்க்கலாம். தாய் நகர்வதே இல்லை என்பதால் தாக்குதல் திட்டுத்திட்டாகத் தொடங்குகிறது. ஆரம்பத் திட்டைக் கண்டுபிடிப்பவருக்கு வேலை பாதி குறையும்.

விளக்குப்பொறி வைத்து அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இந்த இனங்களில் விளக்குக்கு வருவது ஆண் மட்டும்தான். அருங்காட்சியகப் பெட்டிகளிலும் ஆண்களே குவிந்திருக்கும். பெண் வேண்டுமென்றால் புழுவைப் பிடித்து வளர்க்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் டார்ச்சோடு அடிமரங்களைத் தடவிப் பார்க்க வேண்டும்.

ஓரிடத்தோடு கட்டிப்போட்ட வாழ்க்கை

பறக்காத தாய் கொடுக்கும் விலை மெதுவாகத்தான் தெரியவரும்.

பிரிட்டனின் கடற்கரையில் லைசியா சோனாரியா என்று ஓர் அந்துப்பூச்சி இருக்கிறது. ஆணின் இறக்கையில் சாம்பலும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். பெண்ணுக்கு இறக்கையே இல்லை, கம்பளி போர்த்தியது போன்ற கரிய உடம்பில் வெளிர்ப் பட்டைகள் ஓடும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் கரையோரப் புல்வெளிகளிலும், லங்காஷயர் கரையின் உவர்ச் சதுப்பிலுமாக ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் தங்கியிருக்கிறது. ஓரிடத்தில் கடல் ஏறியோ கட்டடம் எழும்பியோ அந்தக் கூட்டம் அழிந்தால், பக்கத்து இடத்திலிருந்து ஒரு தாய் பறந்து வந்து மறுபடி தொடங்கப் போவதில்லை. ஆண்கள் வரலாம், ஆனால் ஆண்கள் வந்து ஆவதென்ன? ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே கணக்கெடுக்கப் போகிறவர்கள் விளக்கையோ வலையையோ நம்புவதில்லை. சதுப்பில் குனிந்து நடந்து, புல்தண்டுகளிலும் கரை ஒதுங்கிய கட்டைகளிலும் ஒட்டியிருக்கும் பெண்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருகிறார்கள்.